தொப்பி, க்ளவுஸ், அப்புறம் பாப் ஃபாஸி

கேள்வி: நியூயார்க் பிராட்வே நாடக அரங்குகள்ல போடுற மியூசிக்கல்ல, அதாவது பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகத்துல, டைரக்டரும் டான்ஸ் மாஸ்டரும் ஒரே ஆளா இருந்தா சரிப்பட்டு வருமா? பாப் ஃபாஸின்னு ஒரு பேர் அடிக்கடி அடிபடுதே, அப்படி என்ன பண்ணிட்டார்?

பதில்: சரிப்பட்டு வருமாவா! 1973ல ஒரே வருஷத்துல டைரக்‌ஷனுக்குன்னே சினிமாவுக்கான ஆஸ்கர், நாடகத்துக்கான டோனி, டிவிக்கான எம்மி மூணையும் அள்ளிட்டுப் போன மனுஷன்ங்க அவரு, அதுலயும் ஆஸ்கர்ல 'காட்ஃபாதர்' எடுத்த கொப்போலாவையே ஓரங்கட்டிட்டு. 1927ல சிகாகோல பிறந்து, பள்ளிக்கூட வயசுலயே நைட் கிளப்ல ஆடினவர், 1954ல 'தி பஜாமா கேம்' மியூசிக்கலுக்கு டான்ஸ் அமைச்சப்போதான் பிராட்வே நிமிர்ந்து பார்த்துச்சு. 1959ல 'ரெட்ஹெட்' மியூசிக்கல்லேர்ந்து டைரக்டர், டான்ஸ் மாஸ்டர் ரெண்டு வேலையும் அவர் கையில.

அவர் ஸ்டைல் இருக்கே, அதுதான் விஷயம். பெருசா தாவிக் குதிக்கிறதெல்லாம் கம்மி, தோளைக் கொஞ்சம் கூனிக்கிட்டு, முழங்காலை உள்பக்கமா மடக்கி, மணிக்கட்டை மட்டும் லேசா சுழட்டி ஒரு சொடக்கு, அவ்ளோதான், கண்ணை எடுக்க முடியாது. தலைல முடி கொட்டுச்சு, அதான் தொப்பின்னு சொல்வாங்க, அந்தத் தொப்பியே அவர் டிரேட்மார்க் ஆயிடுச்சு.

ரெண்டு வேலையும் ஒரே ஆள் பார்த்தா வசனம் எங்க முடியுது, ஆட்டம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது, அது பெரிய ப்ளஸ். ஆனா 'இது வேணாம் சார்'னு சொல்ல பக்கத்துல ஆள் இருக்காது, உடம்பும் தாங்காது. 1975ல வந்த 'சிகாகோ'ங்கிற மியூசிக்கலோட ரிகர்சல் சமயத்துல அவருக்கு ஹார்ட் ஆபரேஷனே நடந்துச்சு. அந்த ஷோவுக்கு அப்போ ஒரு டோனிகூட கிடைக்கல, 1996ல திரும்பப் போட்டப்போ ஆறு டோனி!