காணியை விற்று ஸ்டெம் செல் வைக்கலாமா?

கேள்வி: 2009இல் ஷெல் துண்டு பட்டதில் என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே இயக்கமில்லை. ஜெல்லில் வளர்த்த ஸ்டெம் செல்லை முள்ளந்தண்டில் வைத்தால் நரம்பு முளைக்கும், ஆள் நடப்பார் என்று இந்தியக் கிளினிக் ஒன்றுக்கு ஆள் சேர்ப்பவர் 18 இலட்சம் கேட்கிறார். வயல்காணியை விற்கலாமா? – வாசகி, புதுக்குடியிருப்பு

விற்க வேண்டாம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. ஆட்கள் ஏமாறுவதும் அந்தப் பாதியில்தான். நரம்புத் தண்டுக்கலம், அதாவது நரம்புக்குரிய ஸ்டெம் செல், என்னவாக மாறும் என்பதில் அது ஒட்டியிருக்கும் தரைக்கும் பங்கு உண்டு. பூச்சில்லாத பிளாஸ்டிக் தட்டில் ஒட்டாமல் உருண்டையாகத் திரண்டு மிதக்கும். தட்டில் பொலி-ஓர்னிதைன் என்ற ஒட்டுப்பூச்சைப் பூசி, அதன்மேல் லமினின் என்ற புரதத்தை மில்லிலீற்றருக்கு 10 மைக்றோகிராம் அளவில் இட்டால் ஒட்டிப் படர்ந்து இழை விடும். ஜெல்லால் ஆன தரையின் இறுக்கம் 100 முதல் 500 பஸ்கால் வரை, பிஞ்சு நுங்குபோல மென்மையாக இருந்தால் நரம்புக்கலங்கள் கூடுதலாக வரும். 1,000க்கு மேல் இறுகினால் அவற்றைத் தாங்கும் துணைக்கலங்களே பெருகும். இவ்வளவும் ஆய்வுகூடத் தட்டில் நடப்பது.

தம்பியின் காயம் தட்டு அல்ல. பழைய காயத்தில் நீர் கட்டிய குழியும் சுற்றிவரத் தழும்பும் இருக்கும். வைக்கும் கலங்களில் பெரும்பகுதி செத்துப்போகும். தப்பியவை இழை விட்டாலும் அந்த இழை குழியைக் கடந்து, கீழே சரியான நரம்புக்கலத்தைத் தேடிப் பொருந்தவேண்டும். பழைய காயத்தில் அதை மனிதரிடம் நம்பகமாகச் செய்துகாட்டிய ஜெல் எதுவும் இன்றைக்கு இல்லை.

தரகரிடம் ஒன்று கேளுங்கள்: கலம் எங்கிருந்து எடுப்பது? இடுப்பெலும்பிலிருந்து அல்லது வயிற்றுக் கொழுப்பிலிருந்து என்றால் அது நரம்புத் தண்டுக்கலமே அல்ல. அனேகமாக அதை முதுகில் ஊசியால் ஏற்றி அனுப்புவார்கள். ஜெல்லும் இல்லை, தரையும் இல்லை. உங்களுக்குக் காட்ட ஆய்வுகூட எலி நடக்கும் வீடியோ மட்டும் உண்டு. கருவிலிருந்து எடுத்தது என்றால் இன்னும் பயப்பட வேண்டும். மொஸ்கோவில் அப்படி ஏற்றப்பட்ட இஸ்ரேல் சிறுவனின் மூளையிலும் முள்ளந்தண்டிலும், கொடுத்தவரின் கலங்களிலிருந்தே கட்டி வளர்ந்தது 2009இல் வெளியானது.

‘ஜப்பானில் அனுமதி உண்டு' என்பார். கொடுத்தது உண்மைதான். 2018இல் நிபந்தனையோடு, காலவரையறையோடு கொடுத்தது. காயம் பட்டு 31 நாளுக்குள் நோயாளியின் சொந்த எலும்பு மச்சையை எடுத்து, கலங்களைப் பெருக்கி, இரத்த நாளம் வழியே ஏற்றுவது. 31 நாள். 2009இல் பட்ட காயத்துக்கு அந்தக் கதவு எப்போதோ மூடிவிட்டது. அதிலும் ஜெல் கிடையாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டலின்படி, இரத்தம் சார்ந்த நோய்களுக்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் ஆய்வு மட்டுமே. சேருபவரிடம் காசு வாங்கக் கூடாது. அதனால் 18 இலட்சம் என்ற சொல்லே போதிய பதில். ‘சி.டி.ஆர்.ஐ. இலக்கம் இருக்கு' என்று, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் இலக்கத்தைக் காட்டினாலும் மயங்காதீர்கள். அது பதிவு, அனுமதி அல்ல. அந்தப் பதிவேடு ஆங்கிலத்தில். காணி விற்கப்போகிற சனத்துக்கு அதைத் தமிழில் வாசித்துச் சொல்ல ஒரு கந்தோரும் இல்லை. ஊர் ஊராக வந்து விளங்கப்படுத்துகிறவர் தரகர் மட்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ‘எம்.ஆர்.ஐ. எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கோ' என்றால் உடனே ஓடாதீர்கள். ஷெல் துண்டு இரும்பாக இருந்தால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் உடம்புக்குள்ளேயே அதை அசைக்கலாம், சூடேற்றலாம். முதலில் சாதாரண எக்ஸ்றே எடுத்து, துண்டு எங்கே கிடக்கிறது என்று எம்.ஆர்.ஐ. எடுப்பவருக்குக் காட்டுங்கள்.