வைக்கோல் கன்று

அக்கா, வணக்கம். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. மனைவிக்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது, ஆனால் குழந்தை வாய் வைத்தால் சரியாக இறங்குவதில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் “மனசு வைத்தால் வரும்” என்கிறார்கள். நானும் அதையே சொல்லிப் பார்த்தேன். நரம்பு மின்சாரம், ஹார்மோன் ரசாயனம், பிட்யூட்டரி தலைமைச் சுரப்பி என்று பள்ளியில் படித்த ஞாபகம். அப்படியானால் மூளை சுரப்பியை ஆள்கிறதா, சுரப்பி மூளையை ஆள்கிறதா? தியானம் செய்தால் பிட்யூட்டரி தூண்டப்படும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?
– ர.

தம்பி,

முதலில் அந்த வீடியோவை மூடுங்கள். அப்புறம், பிரசவம் பார்த்த இடத்துக்கே தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போய், குழந்தை சரியாகப் பற்றிக் குடிக்கிறதா என்று நர்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் சிக்கல் அதில்தான் இருக்கும். காய்ச்சலோ, மார்பில் சிவப்போ இருந்தால் இன்றைக்கே போங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் தெருவில் ஒரு சண்டை. மாட்டுக்கு ஊசி போட்டுக் கறக்கிறார் என்று பால்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஊசி மருந்தின் பெயர் ஆக்ஸிடோசின். அதிலிருந்து எனக்கு அப்பத்தாவின் செவலைப் பசு ஞாபகமாகவே இருந்தது. கன்று மூன்றாம் நாளே செத்துப்போக, அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கண் கிடையாது, ஒரு கால் வேறு கோணல். அப்பத்தா அதன் முதுகில் உப்புத் தண்ணீரைத் தெளிப்பார், பசு நக்கத் தொடங்கும். அவர் விரலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மடியை நீவியபடி சும்மா உட்கார்ந்திருப்பார். நான் அவசரப்பட்டால் “சொரக்கட்டும், இரு” என்பார். ஒரு நிமிடம் போல ஆனதும் காம்பு விறைக்கும், செம்பில் சர்ர் என்று முதல் பீய்ச்சல் விழும்.

ஒருநாள் சித்தப்பா வரப்புத் தகராறைத் தொழுவத்துக்கே கொண்டுவந்து கத்தினார். பசு பாலை அடக்கிக்கொண்டது. அப்பத்தா பசுவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்தப்பாவைத்தான் “வெளிய போடா” என்று விரட்டினார்.

அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இரண்டு பேர் 1941-இல் இதையே சோதனையாகச் செய்தார்கள். மடியில் ஒரு பாதிக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டுக் கறந்தபோது இரண்டு பாதியிலும் பால் இறங்கியது. அப்படியானால் ‘பாலை விடு’ என்ற சேதி மடிக்கு ரத்தத்தில்தான் வருகிறது. அடுத்து, பக்கத்தில் காகிதப் பையை ஊதிப் படார் படார் என்று வெடித்துப் பசுவை மிரட்டினார்கள். பால் நின்றுவிட்டது. பயந்தால் உடம்பில் சுரக்கும் அட்ரினலினை ஊசியாகப் போட்டாலும் நின்றது.

உங்கள் வீட்டில் நடப்பதும் இதேதான். மார்பில் பால் ஊறவைப்பது புரோலாக்டின், ஊறியதை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின். குழந்தை சப்பும்போது காம்பில் உள்ள நரம்புகள் தண்டுவடம் வழியாக, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸுக்குச் சேதி சொல்கின்றன. அங்குள்ள நரம்புச் செல்களே ஆக்ஸிடோசினைத் தயாரித்து, தங்கள் நீண்ட வால் வழியாகக் கீழே பிட்யூட்டரியின் பின்பாதிக்கு அனுப்பி, அங்கே ரத்தத்தில் கொட்டுகின்றன. அது மார்புக்கு வந்து, பால் பைகளைச் சுற்றியிருக்கும் தசைபோன்ற செல்களைச் சுருக்குகிறது. நன்றாகக் கவனியுங்கள், கொட்டுவது நரம்பு, கொட்டப்படுவது ஹார்மோன். இதில் எங்கே நரம்பு முடிந்து எங்கே சுரப்பி ஆரம்பிக்கிறது என்று ஒரு கோடு போடுங்கள் பார்ப்போம். நரம்பு மண்டலம் ஒரு பாடம், நாளமில்லாச் சுரப்பிகள் அடுத்த பாடம் என்று பிரித்துவைத்து, இரண்டுக்கும் தனித்தனியே பத்து மார்க் கேள்வி கேட்டதன் வினைதான் உங்கள் ‘யார் ஆள்கிறார்’ கேள்வி. 1928-இல் எர்ன்ஸ்ட் ஷாரர் என்ற விஞ்ஞானி ஒரு மீனின் மூளையில் சுரப்பி வேலை செய்யும் நரம்புச் செல்களைக் கண்டு சொன்னபோது, நரம்பாவது சுரப்பதாவது என்று பெரிய பெரிய ஆட்களே நம்பவில்லை. சரி, நீங்கள் குழம்பியதில் குற்றமில்லை. ‘தலைமைச் சுரப்பி’ என்ற பட்டத்தை மட்டும் மறந்துவிடுங்கள், அதற்கு மேலே ஹைப்போதலாமஸ் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் “மனசு வை” என்று சொன்னீர்களே, அதற்கு மன்னிப்பு கிடையாது. கையைத் தூக்கு என்றால் தூக்கலாம். பாலை இறக்கு என்று தன் உடம்புக்கு எந்தப் பெண்ணாலும் உத்தரவு போட முடியாது. என் மூத்தவனுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவனை அம்மாவிடம் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பின் சீட்டில் யாருடையதோ ஒரு குழந்தை வீறிட்டது, என் ரவிக்கை நனைந்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு மூன்று ஸ்டாப் முன்னாலேயே இறங்கினேன். நான் எங்கே மனசு வைத்தேன்? காது கேட்டது, மூளை கொட்டியது, அவ்வளவுதான். அதே மூளை, வலியிலும் பயத்திலும், சுற்றி நின்று நாலு பேர் வேடிக்கை பார்க்கும் கூச்சத்திலும் கொட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். போதாததற்கு அட்ரினலின் வந்து மார்பின் ரத்தக் குழாய்களையும் இறுக்கும். “மனசு வை” என்று நீங்கள் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் காதருகே ஒரு காகிதப் பை வெடித்திருக்கிறது.

உங்கள்மேல் கோபம் இல்லை தம்பி, பன்னிரண்டு நாளாக நீங்களும் தூங்கியிருக்க மாட்டீர்கள். குழந்தை குடிக்கும் நேரத்தில் அந்த அறையில் அவளையும் குழந்தையையும் தவிர, அவள் வேண்டும் என்கிற ஒருவர் இருந்தால் போதும். கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். பார்க்க வருகிறவர்களைத் திண்ணையில் உட்கார வைத்து, காபியை நீங்கள் போடுங்கள்.