ரெக்ரூட்மென்ட் ஏஜென்சி வேலையை எடுக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் எச்.ஆர். (மனிதவளம்) படிப்பு முடித்துவிட்டு, படித்தவர்கள் கொஞ்ச காலம் தங்கி வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசாவில் இருக்கிறீர்கள். எச்.ஆர். வேலைக்கு எவ்வளவோ விண்ணப்பித்தும் ஒன்றும் அமையவில்லை. இப்போது லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் பக்கம், கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் ஒரு ஏஜென்சி ‘டிரெய்னி ரெக்ரூட்மென்ட் கன்சல்டன்ட்’ வேலைக்குக் கூப்பிடுகிறது. அடிப்படைச் சம்பளம் 25,000 பவுண்ட், கமிஷன் சேர்த்தால் 40,000 வரை போகும் என்கிறார்கள். “இதுவும் எச்.ஆர். வேலைதானே, எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்கிறீர்கள்.

எச்.ஆர். வேலை இல்லை தம்பி. இது சேல்ஸ். அதைத் தெரிந்துகொண்டு போனால் நிறையக் கற்றுக்கொள்ளலாம், தெரியாமல் போனால் தீபாவளிக்குள் ஓடி வந்துவிடுவீர்கள். நான் ஸ்லவில் டெம்ப் டெஸ்க்கில், அதாவது தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் பிரிவில் ஆரம்பித்து, பிறகு ரெடிங்கில் அக்கவுன்ட்ஸ் ஆட்களுக்கான பெர்ம் (நிரந்தர வேலை) டெஸ்க்கில் சில வருடம் இருந்தவன். இந்தத் தொழிலுக்கு நீங்கள் போகிற வட்டாரமே பழைய ஊர்தான். ரீட் என்ற பெரிய ஏஜென்சி 1960-இல் முதல் கிளையைத் திறந்தது பக்கத்து ஹவுன்ஸ்லோவில். ஹீத்ரோ விமான நிலையச் சரக்கும் ஸ்லவ் டிரேடிங் எஸ்டேட் என்ற தொழிற்பேட்டையும் இருக்கிறவரை இங்கே ஆள் தேடுகிறவர்களுக்குப் பஞ்சம் வராது.

முதலில், உங்களுக்குப் பணம் தருவது யார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். வேலை தேடி வருகிறவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும், அவருக்காகத்தான் உழைக்கிறோம் என்று தோன்றும். ஆனால் கிளையன்ட் என்பது கம்பெனி. வேலை தேடுபவரிடம் வேலை வாங்கித் தருவதற்கு ஒரு பென்னிகூட வாங்கக் கூடாது என்பது 1973-ஆம் வருட எம்ப்ளாய்மென்ட் ஏஜென்சீஸ் சட்டம். நடிப்பு, மாடலிங் மாதிரிச் சில துறைகளுக்கு மட்டும் விலக்கு. நம் ஊரில் கன்சல்டன்சிக்கு முதல் மாதச் சம்பளத்தைக் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் காசு வாங்காத காரணத்தால் கேண்டிடேட் மீது ஏஜென்சிக்குக் கடமையும் குறைவு. ஏஜென்சிக்காரர் ஏன் திரும்பக் கூப்பிடவே இல்லை என்று நீங்களே எத்தனை முறை புலம்பியிருப்பீர்கள்? இதுதான் காரணம்.

அடுத்தது, எந்த டெஸ்க் என்று கேட்டீர்களா? டெம்ப்பும் பெர்மும் ஒரே கூரைக்குக் கீழே நடக்கும் இரண்டு வேறு தொழில்கள். ஸ்லவ் என்றால் பெரும்பாலும் டெம்ப், அதிலும் கிடங்கு, பேக்கிங், டிரைவர் வேலைகள்.

டெம்ப் டெஸ்க்கின் ஒரு திங்கட்கிழமையைச் சொல்கிறேன். அதிகாலை ஐந்தேகால் மணி. ஆறு மணி ஷிஃப்டுக்கு ஹீத்ரோ பக்கம் ஒரு கிடங்கில் பதினாறு பேர் நிற்க வேண்டும். எல்லோருக்கும் முதலில் மெசேஜ், பதில் வராதவருக்கு போன். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குப் பஸ் போய்விட்டது. இன்னொருவர் போனையே எடுக்க மாட்டார், மணிக்கு 20 பென்ஸ் கூடக் கிடைக்கிறதென்று வெள்ளிக்கிழமையே வேறு ஏஜென்சிக்குத் தாவியிருப்பார். பேக்கிங்கில் ஒருவர் குறைந்தால் சமாளிப்பார்கள். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் வரவில்லை என்றால் வாசலில் லாரி வரிசை கட்டிவிடும், ஆறே கால் மணிக்கு ஷிஃப்ட் மேனேஜர் உங்களைத்தான் திட்டுவார். லைசென்ஸ் இருக்கும் யாரையாவது அனுப்பவும் முடியாது. ஃபோர்க்லிஃப்ட்டிலேயே வகைகள் உண்டு: அவருக்குத் தேவை ரீச் டிரக் ஓட்டுபவர், உங்கள் கையில் இருப்பவர் கவுன்டர்பேலன்ஸ் மட்டும் ஓட்டுபவராக இருப்பார். என் கார் டிக்கியில் எப்போதும் எட்டு, ஒன்பது, பத்து அளவுகளில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவும் நாலைந்து மஞ்சள் ஜாக்கெட்டும் கிடக்கும். சாதாரண ஷூ போட்டு வந்தவரை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதைத் தடுக்க நானே வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வேறு மாதிரி. சம்பளம் ஏறிய அரை மணி நேரத்தில் போன் அடிக்க ஆரம்பிக்கும். “அண்ணா, புதன்கிழமை ஷிஃப்ட் வரவே இல்லை.” பார்த்தால் அந்த நாள் டைம்ஷீட்டில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். கையெழுத்து இல்லை, கிளையன்ட் இன்னும் பணம் தரவில்லை என்றெல்லாம் சொல்லிச் செய்த வேலைக்குக் கூலியைப் பிடித்து வைக்கக் கூடாது. ஏஜென்சிகளுக்கான 2003-ஆம் வருட விதிகள் அதைத் தெளிவாகத் தடுக்கின்றன. இதைத் தெரியாத கன்சல்டன்ட்டுகள் இன்னும் இருக்கிறார்கள், தெரிந்தே இழுத்தடிப்பவர்களும் இருக்கிறார்கள். வாடகை கட்ட வேண்டியவன் வார இறுதியை எப்படிக் கழிப்பான்? நீங்கள் சேரும் இடம் எப்படிப்பட்டது என்பதை முதல் வெள்ளிக்கிழமையே கண்டுபிடித்துவிடலாம்.

சட்டம் இன்னும் கொஞ்சம் உண்டு. ஒரே இடத்தில் ஒரே வேலையில் 12 வாரம் முடித்த டெம்ப்புக்கு அங்கே நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கும் அடிப்படைச் சம்பளம் தர வேண்டும். உணவு பேக்கிங்குக்கும் பண்ணைக்கும் ஆள் அனுப்பத் தனி லைசென்ஸ் வேண்டும். 2004 பிப்ரவரியில் மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கடல் ஏறி வந்து மூழ்கி இறந்தார்கள், அந்தக் கொடுமை பாராளுமன்றத்தை உலுக்கிய வருடத்திலேயே அந்த லைசென்ஸ் சட்டம் நிறைவேறியது.

உங்களுக்கு நேரடியாக உறுத்தப்போவது ஒன்று உண்டு, மாணவர்கள். ஸ்டூடன்ட் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். நம் பையன்கள் வந்து, தமிழில் பேசி, “அண்ணா, இந்த வாரம் மட்டும் 28 போட்டுக் கொடுங்கள், வாடகை நிற்கிறது” என்பார்கள். கேட்கிறவன் முகத்தைப் பார்த்து மறுப்பது கஷ்டம். மறுத்துத்தான் ஆக வேண்டும். உரிமை இல்லாதவரை வேலைக்கு வைத்தால் 2024 பிப்ரவரியிலிருந்து முதல் தடவையே ஓர் ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை அபராதம். அதைவிட, பிடிபட்டால் அவன் விசாவே போய்விடும்.

டெம்ப்பில் லாபம் எவ்வளவு மெலிசானது என்பதையும் பாருங்கள். 2025 ஏப்ரல் கணக்கு: குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21. அதன் மேல் விடுமுறைச் சம்பளம் 12.07 சதவீதம், முதலாளி அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் 15 சதவீதம், பென்ஷன் 3 சதவீதம். நாற்பது மணி நேரம் வேலை செய்பவருக்கு இதெல்லாம் சேர்த்து ஏஜென்சிக்கு மணிக்கு 15.75 பக்கம் ஆகிவிடும். கிளையன்ட்டிடம் 17 வாங்கினால் மிச்சம் ஒன்றேகால் பவுண்ட். அதில்தான் உங்கள் சம்பளம், அலுவலக வாடகை, வராத பாக்கி எல்லாம். அந்த ஏப்ரலில் நேஷனல் இன்சூரன்ஸ் 13.8-இலிருந்து 15 ஆனது, அது பிடிக்கத் தொடங்கும் எல்லையும் வருடத்துக்கு 9,100-இலிருந்து 5,000-க்கு இறங்கியது. பேசி முடித்த ரேட்டில் இருந்த லாபம் பல இடங்களில் ஒரே இரவில் கரைந்துபோனது.

சரி, பெர்ம் டெஸ்க். இங்கே அதிகாலை ஓட்டமெல்லாம் கிடையாது, ஆனால் போன் உண்டு. தெரியாத கம்பெனிக்கு போன் போட்டு, ரிசப்ஷனில் இருப்பவரைத் தாண்டி, ஃபைனான்ஸ் டைரக்டரிடம் முப்பது விநாடி பேச வேண்டும். பெரியவர்களை இடைமறிக்கக் கூடாது, கேட்டால் மட்டும் பேசு என்று வளர்ந்த நமக்கு இது முதலில் தொண்டையை அடைக்கும். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுவார்கள். ஆக்சென்ட்டை மாற்ற முயலாதீர்கள், பேச்சின் வேகத்தை மட்டும் குறையுங்கள். “உங்களுக்கு ஆள் வேண்டுமா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்பார்கள். “உங்கள் பேரோல் வேலை விளம்பரம் ஆறு வாரமாக ஓடுகிறது, வந்தவர்களிடம் என்ன குறை?” என்று கேட்டால் பேசுவார்கள்.

ஒரு ஆளை 40,000 பவுண்ட் சம்பளத்தில் அமர்த்தினால், 20 சதவீதம் ஃபீஸ் என்று வைத்தால், 8,000 பவுண்ட். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் தொழில் கல்யாணத் தரகர் தொழில், ஒரே வித்தியாசம், தாலி கட்டிய பிறகும் பன்னிரண்டு வாரத்துக்குள் பிரிந்தால் தரகுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ரிபேட் என்பார்கள், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வாரக்கணக்கு மாறும். அதற்கு முன்பே கெடுப்பது கவுன்டர் ஆஃபர். ஒரு அசிஸ்டன்ட் அக்கவுன்டன்ட், மூன்று இன்டர்வியூ முடித்து, கையெழுத்துப் போட்டு, ராஜினாமாவும் கொடுத்தார். அன்று சாயங்காலமே பழைய முதலாளி மூவாயிரம் பவுண்ட் ஏற்றித் தருகிறேன் என்றதும் அங்கேயே இருந்துவிட்டார். எனக்குத் தெரிந்தது இரண்டு வரி மெசேஜில். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த மாதம் என் டார்கெட் அவ்வளவுதான்.

இப்போது அந்த 40,000 கதைக்கு வருவோம். கமிஷன் அட்டவணையைக் கையில் வாங்காமல் நம்பாதீர்கள். உதாரணத்துக்கு, மாதம் 5,000 பவுண்ட் பில்லிங் (நீங்கள் ஏஜென்சிக்குக் கொண்டுவரும் வருமானம்) தாண்டிய பிறகு, தாண்டிய தொகையில் 10 சதவீதம் என்று வையுங்கள். 15,000 கமிஷன் வர வருடத்துக்கு 2,10,000 பவுண்ட் பில் செய்ய வேண்டும். முதல் வருடத்தில் அதைச் செய்பவர்கள் மிகவும் அபூர்வம். அடிப்படைச் சம்பளத்தையும் மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். வாரத்துக்கு 45 மணி நேரம் உழைத்தால் 25,000 என்பது மணிக்கு 10 பவுண்ட் 70 பென்ஸ்தான். நீங்கள் கிடங்குக்கு அனுப்பும் ஆள் உங்களைவிட அதிகம் வாங்குவார்.

ஆபீஸ் சூழலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இருபத்து சொச்சம் வயதுப் பிள்ளைகள், சத்தம், ஒருவரை வேலையில் அமர்த்தினால் மணி அடிப்பது, வெள்ளிக்கிழமை பப். குடிக்காவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் போகாமலே இருந்தால் நல்ல கிளையன்ட் யாருக்குப் போகிறது என்ற பேச்சு உங்கள் காதுக்கு வராது. ஒரு கோக் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் நம் ஆட்கள். ஏஜென்சியில் சேர்ந்த செய்தி ஊருக்குப் போனதும் மாமா, சித்தப்பா, அம்மாவின் பள்ளித்தோழி எல்லோரும் சிவி அனுப்புவார்கள், “எவ்வளவு ஆகும்?” என்றும் கேட்பார்கள். ஏஜென்சி தன் சொந்த ஆபீஸ் ஊழியருக்கு வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்யலாம், வேறு கம்பெனிகளுக்கு அனுப்பும் ஆட்களுக்கு ஸ்பான்சர் செய்ய முடியாது என்று ஒரே பதிலை எல்லோருக்கும் அனுப்புங்கள். காசு வாங்கி ஸ்பான்சர்ஷிப் சர்டிஃபிகேட் தருகிறேன் என்று உங்கள் பேரைச் சொல்லி யாராவது கிளம்பினால் அதில் மாட்டுவது நீங்கள்தான். பணிவாக, ஆனால் எழுத்தில் மறுத்து வையுங்கள்.

கடைசியாக உங்கள் விசா. இதை அந்த ஏஜென்சிக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். 2025 ஜூலை 22 முதல், முதலாளி ஸ்பான்சர் செய்யும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் 41,700 பவுண்ட், புதிதாக வருபவர் என்ற சலுகையில் 33,400. கணக்கில் வருவது உறுதியான அடிப்படைச் சம்பளம் மட்டும், கமிஷனைச் சேர்க்க மாட்டார்கள். ஆக 40,000 வரை போகும் என்ற பேச்சு விசாவுக்கு 25,000தான். “நன்றாகச் செய்தால் பிறகு ஸ்பான்சர் பற்றிப் பார்க்கலாம்” என்றால், அடிப்படையை எவ்வளவுக்கு, எந்தத் தேதிக்குள் உயர்த்துவார்கள் என்று ஈமெயிலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்? டெம்ப் டெஸ்க் என்றால் எடுத்துக்கொள்வேன், ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு. ஆபீஸ் வேலை அனுபவம் இல்லாத உங்களுக்கு அதிகாலை போனும் சம்பளக் கணக்கும் சட்டமும் ஒரே இடத்தில் வேறு யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஏஜென்சியில் ஒரு வருடம் தாக்குப்பிடித்தவரை கம்பெனிகளின் சொந்த ஆளெடுப்பு டீம்கள் விரும்பி எடுக்கும், நீங்கள் தேடிய எச்.ஆர். வாசல் அங்கேதான் திறக்கும். அந்த வேலைக்கு அப்போது ஸ்பான்சர் செய்ய முடியுமா என்று அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெர்ம் டெஸ்க், அதுவும் கிளையன்ட் ஒருவர்கூட இல்லாத புது டெஸ்க் என்றால் யோசிப்பேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன், உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார் என்று கேளுங்கள். ராத்திரி, வார இறுதி ஆன்-கால் போன் யார் முறை, அதற்குத் தனிக் காசு உண்டா என்றும் கேளுங்கள். வேலையை விட்ட பிறகு அந்தக் கிளையன்ட்டுகளிடம் போகக் கூடாது என்ற நிபந்தனை எத்தனை மாதம் என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். எந்த டெஸ்க் என்று தெரிந்ததும் எழுதுங்கள், கமிஷன் அட்டவணையையும் கம்பெனிப் பேரை மறைத்துவிட்டு அனுப்பினால் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.