மதமா, மதம் கட்டிய பள்ளிக்கூடமா?

கேள்வி: ஒரு சமூகத்தின் செல்வம், படிப்பு, அரசியல் பலம் மூன்றையும் தீர்மானிப்பது அதன் மதமே என்று என் அலுவலக நண்பர் வாதிடுகிறார். கிறிஸ்தவம் படிப்பாளிகளை உருவாக்குகிறதாம், இஸ்லாம் வியாபாரிகளை உருவாக்குகிறதாம், சைவமோ எல்லாம் விதி என்று இருக்கச் சொல்கிறதாம். என்ன பதில் சொல்வது?
- வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் நண்பரைக் கொழும்புக் கோட்டையில் ரயிலேறி ஒருமுறை யாழ்ப்பாணத்துக்கும் இன்னொருமுறை தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹற்றனுக்கும் போய்வரச் சொல்லுங்கள். இரண்டு இடங்களிலும் நம்மவர்களில் பெரும்பாலானோர் கும்பிடுவது அதே முருகனையும் பிள்ளையாரையும் அம்மனையும்தான். ஆயினும் யாழ்ப்பாணம் தலைமுறை தலைமுறையாக இலிகிதர்களையும் வைத்தியர்களையும் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைத்ததெல்லாம் நிர்வாகம் பெயருக்கு நடத்திய சிறிய பள்ளிக்கூடம்தான். அவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில். விதியை நம்பும் சைவம் காரணமென்றால் இரண்டு இடங்களும் ஒன்றாகவே பின்தங்கியிருக்க வேண்டுமல்லவா?

மதத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பங்கு உண்டு, அது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தின் வழியாக வருகிறது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தையும், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கியது மதமாற்றத்துக்காகத்தான். ஆனால் வட்டுக்கோட்டையில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிப் பின்னர் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதோடு பாடநூல்களையும் தாமே எழுதி அச்சிட்டார். இதே போட்டிதான் கொழும்பில் 1886இல் பௌத்தர்களின் ஆனந்தாக் கல்லூரியையும் 1892இல் மருதானையில் முஸ்லிம்களின் ஸாஹிராக் கல்லூரியையும் எழுப்பியது. ஜெர்மனியிலும், புரட்டஸ்தாந்து மாவட்டங்கள் முன்னேறியதற்குக் காரணம் விவிலியத்தை ஒவ்வொருவரும் தாமே வாசிக்க வேண்டும் என்பதற்காகப் பரவிய எழுத்தறிவே என்று பொருளியலாளர்கள் பெக்கரும் வோஸ்மனும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் வாதிட்டனர்.

நாவலரைப் பெரிதும் மதிப்பவன் நான். ஆயினும் இதையும் சொல்லியாக வேண்டும். இத்தனை பள்ளிக்கூடங்கள் எழுந்த அதே யாழ்ப்பாணத்தில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றவர்களோடு சரிசமமாக வாங்கில் உட்கார வேண்டும் என்று 1930ஐ ஒட்டி உதவி பெறும் பாடசாலைகளுக்கு அரசு பணித்தபோது, அதை மூர்க்கமாக எதிர்த்தவர்களும் திருநீறு பூசியவர்கள்தாம், வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளும் திருநீறு பூசியவர்கள்தாம்.

அரசியலுக்கு வந்தால், 1947 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்டத் தொழிலாளர், 1952இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியாமற் போனதற்குக் காரணம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த வாக்குரிமைப் பறிப்புமே. அவர்களுடைய வழிபாட்டுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. மறுபக்கத்தில், அங்கிலிக்கன் கிறிஸ்தவராகப் பிறந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பௌத்தராகி 1956இல் பிரதமரானார். 1972இன் அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் அளித்தது. 1978இன் அரசியலமைப்பும் 9ஆம் உறுப்புரையில் அதையே வைத்துக்கொண்டது. மதம் அரசியலை வனைவது போலவே அரசியலும் மதத்தை வனைகிறது.

உங்கள் நண்பருக்கு முதலாம் தரத்தில் சேர்க்க வேண்டிய பிள்ளை இருந்தால், இது அவருக்கே தெரிந்திருக்கும். 1960இன் சட்டப்படி, பெரும்பாலும் மத அமைப்புகளிடமிருந்து, அரசு பொறுப்பேற்ற பாடசாலைகளில், அன்று எந்தச் சமயத்தவர் எத்தனை வீதம் படித்தார்களோ அந்த விகிதம் புதிய அனுமதியின்போது கணக்கில் எடுக்கப்படுகிறது. விண்ணப்பத்தில் 'சமயம்' என்ற இடத்துக்கு வந்ததும் தாயின் பேனா ஒரு கணம் நிற்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை எதை நம்புகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.