பதில்: 5,000 ரூபாய்க்குள் பைக்குக்கு முதல் ஜிபிஎஸ்

ராயபுரத்திலிருந்து பொன்னேரி, பழவேற்காடு உள்ரோடு போறப்ப நெட் போனா மேப்பும் நின்னுடுதுன்னு கேட்டிருக்கீங்க. நின்னது மேப் டவுன்லோடுதான், ஜிபிஎஸ் இல்ல. சேட்டிலைட் சிக்னலுக்கு சிம்மே வேண்டாம்.

இந்த பட்ஜெட்டுல தனி ஜிபிஎஸ் பெட்டின்னா பெரும்பாலும் பழசுதான் கிடைக்கும். அதுல பேட்டரி உப்பியிருக்கலாம், இல்லன்னா புது மேப் ஏத்த மெமரி பத்தாம போகலாம். வீட்டுல சும்மா கிடக்குற ஆண்ட்ராய்டு போன் போதும். ஆர்கானிக் மேப்ஸ்ங்கிற ஆஃப்லைன் மேப் ஆப் இலவசம். கிளம்புறதுக்கு முன்னாடி வைஃபைல தமிழ்நாடு மேப்பை இறக்கிடுங்க. மண் ரோட்டைத் தவிர்க்கிற வசதியும் அதுல இருக்கு, மழை நாள்ல ஆன் பண்ணுங்க. நெட் இல்லாம முதல்ல இடம் பிடிக்க ஓரிரு நிமிஷம் ஆகும். வானம் தெரியுற இடத்துல நின்னு பிடிக்க விட்டுட்டு வண்டிய எடுங்க.

மிச்சக் காசை அதிர்வு தாங்குற ஹோல்டருக்கும், 2 ஆம்பியர் நனையாத சார்ஜருக்கும் போடுங்க. நல்ல போனை ஹேண்டில்ல மாட்டாதீங்க, அதிர்வுல கேமரா போயிடலாம். உச்சி வெயில்ல போன் சூடேறி சார்ஜ் ஏறாம நிக்கலாம், அதனால முழு சார்ஜோட கிளம்புங்க.

எண்ணூர் ரோட்டு கன்டெய்னர் லாரி வரிசையும், சுரங்கப்பாதையில தேங்குற மழைத்தண்ணியும் ஆஃப்லைன் மேப்புக்குத் தெரியாது. அதுக்கு டீக்கடையில விசாரிக்கிறதுதான் வழி.