எந்தக் கோர்ஸ் எடுப்பது? பாடாங் செராய் பிள்ளைகளுக்குப் பதில்

பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளை நான். இப்போது கெடாவில், கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டை பக்கம் ஒரு சிப் தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலை. கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் கேட்டதில் சிலவற்றை எழுதுகிறேன்.

அண்ணே, டிகிரிக்கு முந்தைய ஃபவுண்டேஷன் படிப்பு முடியப் போகிறது. அம்மா கணக்கியல் என்கிறார், கூட்டாளி சைபர் செக்யூரிட்டி என்கிறான். எனக்கு எதிலும் பெரிய ஆசை இல்லை.

ஆசை இல்லாதது குற்றமில்லை தம்பி. கோர்ஸின் பெயரை விட்டுவிட்டு அந்த வேலையில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்று பார். கணக்கியல் என்றால் மாதக் கடைசியில் முப்பது சென் எங்கே உதைக்கிறது என்று இரவு ஒன்பது மணி வரை தேடுவது. சைபர் என்றால் படத்தில் வருகிற மாதிரி இல்லை, பாதி நேரம் கம்ப்யூட்டர் பதிவு செய்து வைக்கும் லாக் படிப்பதும் அறிக்கை எழுதுவதும்தான். இரண்டில் எது உனக்கு எரிச்சலூட்டாது? ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் தொழில் தகுதித் தேர்வில் 13 தாள், சரியான கணக்கியல் டிகிரி இருந்தால் 9 வரை விலக்குக் கிடைக்கும், அதனால் அம்மா சொல்வது வீண் பேச்சில்லை. அந்த வேலையில் இருக்கும் இரண்டு பேரிடம் போய்க் கேள். கல்விக் கண்காட்சியில் பேனா கொடுப்பவரிடம் கேட்காதே.

இன்ஜினியரிங், இன்ஜினியரிங் டெக்னாலஜி, இரண்டும் ஒன்றுதானே அங்கிள்? இரண்டாவதில் சுலபமாக இடம் கிடைக்கிறது.

ஒன்றில்லை. இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். 'இர்' பட்டத்தோடு நிபுணத்துவப் பொறியாளர் ஆக வேண்டுமென்றால் பொறியாளர் வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற இன்ஜினியரிங் டிகிரிதான் நேர் வழி; இன்ஜினியரிங் டிகிரிகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009இல் முழு உறுப்பினர் ஆனதால் அந்த டிகிரிக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. டெக்னாலஜி டிகிரி படித்தவர்களுக்குத் தொழில்நுட்பவியலாளர் என்று தனிப் பதிவு. கையால் மெஷினைப் பிரித்துப் பார்க்கிற ஆளுக்கு அது நல்ல படிப்பு, என் டீமில் அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள், தரம் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் ஆண்டில் வந்து "எனக்கு ஏன் இர் கிடைக்காது" என்று அழக்கூடாது, அவ்வளவுதான்.

நானும் ஏமாந்தவன்தான். ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம், அம்மா நகையை அடகு வைத்துக் கட்டிய பணம், மூன்று செமஸ்டர் போன பிறகுதான் அந்தக் கோர்ஸுக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரிந்தது. இப்போது எம்.கியூ.ஏ., அதாவது படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பின் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

எனக்கு சைக்காலஜி ரொம்பப் பிடிக்கும். நிறைய பேர் என்னிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள். எடுக்கலாமா?

எடுக்கலாம் தங்கச்சி, ஆனால் எதற்கு என்று தெரிந்து எடு. சைக்காலஜி டிகிரியோடு மட்டும் யாரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவதில்லை, மேற்கொண்டு மாஸ்டர்ஸ் வேண்டும். கவுன்சிலர் ஆவது வேறு கதை: 1998ஆம் ஆண்டு கவுன்சிலர் சட்டப்படி கவுன்சிலர் வாரியத்தில் பதிய வேண்டும், அதற்கு அவர்கள் ஏற்கிற கவுன்சலிங் படிப்பு வேண்டும். பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச ஆசை என்றால் நேராக அதையே படி. மாஸ்டர்ஸ் வரை வீட்டில் தாங்குவார்களா என்பதையும் இப்போதே பேசிவிடு, அப்புறம் பார்க்கலாம் என்று விடாதே.

இரண்டாவது செமஸ்டரில் கோர்ஸ் மாற்றினால் பி.டி.பி.டி.என் தரும் அரசு உயர்கல்விக் கடன் என்ன ஆகும்?

சொல்லாமல் மாற்றாதே. முதலில் இதுவரை படித்ததில் எத்தனை பாடத்தைப் புதிய கோர்ஸில் கழித்துக் கொடுப்பார்கள் என்று எழுத்தில் வாங்கு, அப்புறம் பி.டி.பி.டி.என்னிடம் போ. இரண்டாவது செமஸ்டரில் மாற்றுவது ஒரு சின்ன நஷ்டம், கடைசி ஆண்டு வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது பெரிய நஷ்டம்.

தம்பி, மகன் பொலிடெக்னிக்கில் மின்சாரம் டிப்ளோமா. டிகிரி இல்லாவிட்டால் யார் பெண் கொடுப்பார்கள்?

அக்கா, அவனை எரிசக்தி ஆணையத்தின் சார்ஜ்மேன், அதாவது மின் அமைப்பைப் பொறுப்பேற்று இயக்குபவருக்கான பரீட்சை எழுதச் சொல்லுங்கள். 'ஏ' வகை குறைந்த அழுத்த மின்சாரத்துக்கு, 'பி' வகை உயர் அழுத்தத்துக்கு. தொழிற்சாலையோ செம்பனை ஆலையோ, தகுதிச் சான்று உள்ள ஆள் இல்லாமல் மின்சாரத்தை நடத்த முடியாது, அது சட்டம். டிகிரியை வேலையில் இருந்துகொண்டே பிறகு படிக்கட்டும். பெண் வீட்டாரிடம் சம்பளச் சீட்டைக் காட்டுங்கள்.