நூறு கிலோமீற்றர் ஓடி வந்த சிக்கன் ரப்

கேட்டிருப்பது இது: “கே.எப்.சி மாதிரிச் சங்கிலிக் கடைகளில் விற்கிற சிக்கன் ரப் (ரொட்டிக்குள் கோழி வைத்துச் சுற்றினது) சாப்பிட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? கூட வாங்குகிற சிப்ஸ், கோல்ஸ்லோ (கோவா, அதாவது முட்டைக்கோஸ் சலாட்), நகெட்ஸ் இதுகளில் எது காசுக்குத் தகும்?”

இருக்கிறேன். ஆனால் கடைக்குள் ஏ.சி.க்குக் கீழே இருந்து சாப்பிட்டவனின் பதிலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். வீடு வன்னியில் மல்லாவிப் பக்கம். வான் வைத்து ஹையர் ஓடுகிறேன். வெளிநாட்டில் இருந்து வருகிற குடும்பங்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து விடுவது, பிறகு நல்லூர், குறிகாட்டுவான், கீரிமலை என்று யாழ்ப்பாணப் பக்கம் கொண்டு திரிவது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற குடும்பம் என்றால் திரும்பி வரும்போது ஒரு பார்சலாவது வானுக்குள் ஏறும். டிறைவருக்கும் சேர்த்துத்தான் வாங்குவார்கள். நான் வேண்டாம் என்று ஒரு தரம் சொல்லுவேன். இரண்டாம் தரம் சொல்லுவதில்லை.

அந்தப் பார்சலை உடனே பிரிப்பதும் இல்லை. அதற்குக் காரணம் முறிகண்டிப் பிள்ளையார். யாழ்ப்பாணத்தில் இருந்து வன்னிக்கு வருகிற வாகனம் அவரிடம் நிற்காமல் போகாது. இறங்கி, கால் கழுவி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மிச்ச ஓட்டம். மச்ச மாமிசம் சாப்பிட்ட வாயோடு அங்கே இறங்க ஒருத்தருக்கும் மனம் வராது. ஆகவே என் வானில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது: முறிகண்டி தாண்டும்வரை கோழிப் பார்சல் பிரியாது. கனடாவில் பிறந்த பிள்ளைகளும் இதற்குக் கட்டுப்பட்டுத்தான் வருகின்றன, முகத்தை நீட்டிக்கொண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து முறிகண்டிக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். ஆனையிறவு வெளியில் வெயில் வானைப் பொசுக்கும். கோயிலடியில் இன்னும் கால் மணி. ரப்பின் சூடு எந்தளவுக்கு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறின ரப்பைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்பது இதனால்தான்.

போன வருசம் அக்கா குடும்பம் கனடா ஸ்காபரோவில் இருந்து வந்திருந்தது. அக்கா, அத்தான், பத்தொன்பது வயது மருமகள், பதினொரு வயது மருமகன். கூடவே எங்கள் பெரியம்மா, எழுபது தாண்டியவர். நல்லூருக்குப் போய்த் திரும்பும்போது ஆளுக்கொரு ரப், பெரிய சிப்ஸ் இரண்டு, கோல்ஸ்லோ மூன்று. முறிகண்டியில் கும்பிட்டு, கச்சானும் (நிலக்கடலை) வாங்கி, வான் மாங்குளம் பக்கம் திரும்பினதும் மருமகள் முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். பெரியம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, ரொட்டி வேகேல்லையே?”

“வெந்ததுதான் பெரியம்மா. அது டோர்ட்டியா. அப்பிடித்தான் வெள்ளையா இருக்கும்.”

“எங்க, ஒரு இடத்திலயும் கருகின பொட்டைக் காணேல்லை. கல்லைக் காட்டிப்போட்டு எடுத்திருக்கிறாங்கள்.”

பெரியம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ரப்பைச் சுற்றுகிற கோதுமை ரொட்டி சூடாக இருக்கும்வரைதான் வளையும். ஆறினால் மாவில் உள்ள ஸ்டார்ச்சு இறுகிப்போகும். மடித்த இடத்தில் வெடிக்கும். அதைத் தடுக்க அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றினால் உள்ளே இருக்கிற நீராவி வெளியே போக வழியில்லாமல் ரொட்டியையும் கோழியின் மொறுமொறுப்பையும் சேர்த்து ஊறவைத்துவிடும். மேல்பக்கம் வெடிப்பு, அடிப்பக்கம் களி. நூறு கிலோமீற்றர் ஓடி வந்த ரப்பில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும்.

இதைவிட மோசமானது சோஸ். எங்கள் ரோல்ஸை எடுத்துப் பாருங்கள். காலையில் போட்டதைப் பின்னேரம் தின்றாலும் கையில் ஒழுகாது. அதற்குள் உருளைக்கிழங்கு இருக்கிறது. இறைச்சிச் சாறு, எண்ணெய், மசாலா எல்லாவற்றையும் அந்தக் கிழங்கு குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். மீன் ரொட்டியும் அப்படித்தான். ரப்புக்குள் கிழங்கு இல்லை. கோழி, லெட்டூஸ் இலை, மயோனைஸ் கலந்த சோஸ், இவ்வளவுதான். இலையும் தண்ணீர் விடும். வான் குலுங்கக் குலுங்க எல்லாம் வடிந்து அடிமடிப்பில் தேங்கி நிற்கும். கடைசிக் கடியில் அவ்வளவும் மடியில். ஸ்டியரிங் பிடித்த கையோடு ஒருக்கால் முயன்று பார்த்தேன். அடுத்த ஹையர் ஒரு கலியாணப் பொம்பிளை வீட்டுக்கு. வெள்ளைச் சேட்டில் செம்மஞ்சள் வட்டத்தோடு போய் நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் மஞ்சள் தண்ணி என்று நினைத்திருப்பார்கள்.

ஒற்றைக் கையால், போகிற போக்கில் சாப்பிடத்தான் இந்தச் சாமானையே கண்டுபிடித்தார்களாம். மருமகள் சொன்ன கதை: மக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் 2006இல் ஸ்நாக் ரப் என்று சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்தது. பிறகு சுற்றி மடிக்க மினக்கேடு கூட என்று கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டார்கள். சனம் விடவில்லை, வருசக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தது. 2025 ஜூலை 10இல் திரும்பி வந்தது, 2.99 டொலருக்கு. அதற்கு ஒரு மாதம் முந்தி பொப்பாய்ஸ் என்ற இன்னொரு சங்கிலிக் கடையும் தன் ரப்பை இறக்கிவிட்டது. கனடாவில் அது ஒருநாளும் நிற்கவில்லை என்று சொல்லும்போது மருமகளுக்கு ஒரு பெருமை. ஒரு ரொட்டிச் சுருளுக்காக ஒரு நாடே ஏங்கிக் கிடந்ததா என்று பெரியம்மா கேட்டார். சண்டைக் காலத்தில் நாங்கள் ஏங்கின சாமான்களின் பட்டியல் வேறு, அதில் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் இருந்தன. கே.எப்.சி இலங்கைக்கு வந்தது 1995இல். அந்த வருசக் கடைசியில்தான் யாழ்ப்பாணம் வெறிச்சோடி, சனம் கிளாலியால் கடல் தாண்டி வன்னிக்கு வந்து இறங்கியது. எங்கள் பள்ளிக்கூட மேசை வாங்குகள் எல்லாம் மரத்துக்குக் கீழே, வகுப்பறைக்குள் குடும்பங்கள். கொழும்பில் பெட்டியில் கோழி விற்ற கதை எங்களுக்கு எத்தனையோ வருசம் கழித்துத்தான் காதில் விழுந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

கடையில் இருந்தே சாப்பிடுகிறீர்கள் என்றால் ரப் நல்ல சாமான்தான். சூட்டோடு, உறைப்புக் கோழி போட்டதாக எடுங்கள். எங்கள் நாக்குக்கு உறைப்பில்லாதது கஞ்சி மாதிரி. விலை ஒரு சிக்கன் கொத்து ரொட்டிக்குக் கிட்ட வரும். கொத்து இரண்டு பேருக்குக் காணும், ரப் ஒருத்தருக்கே காணாது. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பிறகு வயிறெரியாது.

பார்சல் என்றால் மூன்று காரியம் செய்யுங்கள். சோஸைப் புறம்பாகக் கேளுங்கள். கடையை விட்டு வெளிக்கிட முந்தி ஒவ்வொரு பொட்டலத்தையும் கையில் வைத்துப் பாரம் பாருங்கள். நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். ஒரு தரம் விமான நிலையத்தில் இருந்து வரும்போது வழியில் ஒரு பட்டினத்தில் ஐந்து ரப் வாங்கினோம், எந்தக் கடை என்பதை விடுங்கள். தெற்கே இருந்து வரும்போது முறிகண்டிக்கு முந்தியே மாங்குளத்தில் திரும்பிவிடுவதால் சட்டம் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் நித்திரை. தம்புள்ளை தாண்டித்தான் பிரித்தார்கள். பின் சீற்றில் இருந்த பொடியன் பாதி வரை கடித்துவிட்டுக் கேட்டான், “அங்கிள், கோழி எங்க?” இலையும் சோஸும் மட்டும். விரித்தே பார்த்தோம், ஒரு துண்டுகூட இல்லை. திரும்பிப் போக எழுபது எண்பது கிலோமீற்றர். தகப்பன் பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என்னத்துக்கு வைத்தாரோ தெரியாது.

மூன்றாவது காரியம் நேரம். கோழியும் மயோனைஸும் சேர்ந்த சாப்பாடு வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 32 பாகை தாண்டின வெக்கையில் ஒரு மணித்தியாலம்தான். சித்திரை வைகாசியில் மூடிக்கிடக்கிற வானுக்குள் என்ன சூடு இருக்கும் என்று ஏ9 வீதியில் ஓடுகிறவனிடம் கேளுங்கள். நான் இப்போது பின்னுக்கு சூடு ஏறாத ஒரு ரெஜிபோம் பெட்டி வைத்திருக்கிறேன், அதற்குள் ஐஸ் போத்தல் இரண்டு. ரப்பும் கோல்ஸ்லோவும் அதற்குள் போகும். ஆறினது ஆறினதுதான், இனிக் குளிரட்டும்.

பக்கச் சாப்பாடுகளில் சிப்ஸ் வாங்கவே வாங்காதீர்கள், வெளியே கொண்டுபோவதென்றால். சிப்ஸின் உயிர் பத்து நிமிசம். வெளித்தோல் மொறுகி, உள்ளே கிழங்கு ஈரமாக இருப்பதுதான் அதன் ருசி. நேரம் போகப் போக உள் ஈரம் வெளித்தோலுக்கு வந்துவிடும். பெட்டியை மூடினால் இன்னும் கெதியாக. ஆனையிறவு வரும்போது அது பழஞ்சோற்றுப் பருக்கை மாதிரி வளையும். நகெட்ஸ் பரவாயில்லை, ஆறினாலும் தின்னலாம், பிள்ளைகள் தின்னும். பொரித்த செட்டைத் துண்டுகளும் அப்படி. எலும்போடு இருக்கிற கோழி ஆறினாலும் தின்ன நல்லாயிருக்கும்.

கோல்ஸ்லோவைப் பற்றி எனக்கும் அத்தானுக்கும் சண்டை. அவருக்கு அது இனிப்புக் கோவா. எனக்கோ முழுப் பார்சலிலும் அதுதான் நேர்மையான சாமான். குளிராகச் சாப்பிடவே செய்தது, ஆகவே அதற்கு ஆறிப்போகிற வருத்தம் இல்லை. உப்பு கோவாவில் இருந்து தண்ணீரை இழுக்கும், அதை வடித்துவிட்டு ஒரு பச்சைமிளகாயைக் கீறிப்போட்டு, தேசிக்காய் கொஞ்சம் பிழிந்தால் சம்பல் கணக்காக இருக்கும். வீட்டில் இப்படிச் செய்வது என் மனிசி. அத்தான் அதை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார், அது கோல்ஸ்லோ என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

ஆனால் நூறு கிலோமீற்றருக்கு ஏற்ற பக்கச் சாப்பாடு எது என்று என்னைக் கேட்டால், அது சங்கிலிக் கடையில் இல்லை. பருத்தித்துறை வடை. தட்டையாகத் தட்டி, ஈரமே இல்லாமல் பொரித்தது. கிழமைக்கணக்கில் கிடந்தாலும் மொறுமொறுப்பு போகாது, கடலால் போகிறவர்களும் தூரப் பயணம் போகிறவர்களும் கொண்டுபோகிற சாமான். இன்னொன்று முறிகண்டிக் கச்சான். மணலில் வறுத்து, சூடு தணியமுந்தி சுருளில் போட்டுத் தருவார்கள். அன்றைக்கும் மருமகன் சிப்ஸ் பெட்டியை மூடி வைத்துவிட்டு, மல்லாவி வரும்வரை கச்சான் உடைத்துக்கொண்டு வந்தான். கோதெல்லாம் என் சீற்றுக்குக் கீழே. இன்னும் பொறுக்கி முடியவில்லை.

ஆறின ரப்பை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நாங்கள் வீடு போய்ச் சேரும்போது மூன்று ரப் மிஞ்சியிருந்தது, ஐஸ் பெட்டிக்குள். மனிசி பிரித்து இலையை எறிந்தாள். கோழியைச் சின்னதாக அரிந்து, வெங்காயமும் மிளகாயும் போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டினாள். ஆறின சிப்ஸையும் அதற்குள் வெட்டிப்போட்டாள். இப்போது கிழங்கு வந்துவிட்டது பாருங்கள், சாறு ஓடாது. ரொட்டியைத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் இரண்டு பக்கமும் காட்டினாள். இறுகிக் கிடந்தது சூடு பட்டதும் திரும்ப வளைந்தது. அங்கங்கே கருகின பொட்டு. அதற்குள் பிரட்டலை வைத்துச் சுற்றிப் பெரியம்மாவின் கோப்பையில் வைத்தாள். பெரியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ம்… இப்பதான் ரொட்டி.”

மயோனைஸ் ரப்பை அடுத்த நாள் வரை குளிர்ப்பெட்டியில் வைத்துச் சூடாக்கலாமா என்று கேட்டால், ஐஸிலேயே வந்திருந்தால் மட்டும். வானில் வெக்கையில் கிடந்தது என்றால் நாய்க்கும் போடாதீர்கள்.

ஒன்று மிச்சம். தக்காளி சோஸ் பக்கெட்டுகள் அள்ளி அள்ளித் தருகிற கடைகள் இருக்கின்றன. வானின் முன் லாச்சி முழுக்க அதுதான், வெக்கைக்கு ஊதிப்போய்க் கிடக்கிறது. பருத்தித்துறை வடையைத் தொட்டுச் சாப்பிட்டுப் பார்த்தேன். சரிவரவில்லை.